அசையாத கதிரும் அறிவியல் முதலீடும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்குச் செல்லும் பாதையில் உள்ளது கல்லாறு. அதனை அடுத்த விதுரா பகுதியில், 2008-இல் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் அமைந்துள்ளது. இத்தகைய நிறுவனங்களில் புதிய பொருள்களை ஆக்கவும், பலவாறு சோதிக்கவும் இயலும். ஆயினும், ஒரு தனிமத்தின் அணு அப்பொருளினுள் எந்நிலையில் உள்ளது, அதனைச் சூழ்ந்துள்ள அணுக்கள் யாவை, அவை எவ்வளவு தொலைவில் உள்ளன என்பனவற்றை நுணுகி அறிவதற்குச் செறிவு மிகுந்த எக்ஸ் கதிர் தேவை. அதனைத் தரும் சிங்க்ரோட்ரான் நம் நாட்டில் இந்தூரில் மட்டுமே உள்ளது. ஆகாய வழியில் அது 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால்.

1984-இல் தொடங்கப்பட்ட இந்தூர் உயர் தொழில்நுட்ப மையம், 2005-இல் இராஜா இராமண்ணாவின் பெயரைப் பெற்றது. அங்குள்ள இண்டஸ்-2 வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ 172 மீட்டர். 250 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் எலக்ட்ரான்கள் அதில் சுழல்கின்றன. காந்தங்கள் அவற்றை வளைக்கும்போது எக்ஸ் கதிர் வெளிப்படுகிறது. எக்ஸ் கதிர் உட்கவர் நிறமாலையை அளப்பதற்கென்றே பாபா அணு ஆராய்ச்சி மையம் அங்குக் கதிர்த்தடங்களை அமைத்துள்ளது.

கதிரின் செறிவைப் பற்றி அனைவரும் பேசுவர். அதன் நிலைத்தன்மையைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆனால் இவ்வாய்வின் பயன் பின்னதையே பெரிதும் சார்ந்துள்ளது. கேரளத்திற்கு நன்கு பழக்கமான ஒரு பொருளைக் கொண்டே இதனை விளக்கலாம். கொல்லம் மாவட்டத்துச் சவராவின் கடற்கரை மணலில் இல்மனைட் கிடைக்கிறது. இயற்கையின் நீண்டகாலச் சிதைவால் அதிலுள்ள இரும்பின் ஒரு பகுதி ஈரிணைதிற நிலையிலிருந்து மூவிணைதிற நிலைக்கு மாறியுள்ளது. எவ்வளவு மாறியுள்ளது என்பது பதப்படுத்தும் முறையைப் பாதிக்கும் செய்தி. இரும்பு 7,112 எலக்ட்ரான் வோல்ட் அளவில் எக்ஸ் கதிரைத் திடீரெனக் கூடுதலாக உட்கவரத் தொடங்கும். இணைதிறன் மாறினால் இவ்விளிம்பு சில எலக்ட்ரான் வோல்ட் இடம்பெயரும். இரும்பில் பத்தில் ஒரு பங்கு மாறியுள்ளதை அறிய வேண்டுமாயின், ஓர் எலக்ட்ரான் வோல்ட்டின் சிறு பகுதியையும் நம்பி அளக்க வேண்டும்.

பல ஆற்றல்கள் கலந்த கதிரிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுப்பது ஒருநிறமாக்கி. இணையாக வைக்கப்பட்ட இரண்டு சிலிக்கன் படிகங்களே அதன் உயிர்நாடி. படிகத்தின்மீது கதிர் விழும் கோணமே ஆற்றலை முடிவு செய்கிறது. ஆடிகள் இல்லாத எளிய அமைப்பொன்றைக் கொள்வோம். 20 மீட்டர் தொலைவிலுள்ள குறுகிய பிளவின் வழியே கதிர் வருகிறது. வளையத்தில் எலக்ட்ரான் கற்றை 0.2 மில்லிமீட்டர் மேலோ கீழோ நகர்ந்தால், கதிரின் கோணம் 10 மைக்ரோரேடியன் மாறும். இரும்பின் விளிம்பில் இதனால் விளையும் பிழை ஏறக்குறைய 0.25 எலக்ட்ரான் வோல்ட். மணலில் மாற்றம் ஏதும் நிகழாமலே, நிகழ்ந்ததுபோலத் தோன்றிவிடும்! எனவேதான், கற்றையின் அசைவு அதன் பருமனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது இத்துறையில் பொதுவிதியாக உள்ளது. வளையத்தைச் சுற்றியுள்ள நிலைகாட்டிகள் கற்றையின் இடத்தை உணர்த்த, திருத்தக் காந்தங்கள் அதனை மீண்டும் நெறிப்படுத்துகின்றன.

வளையம் செம்மையாக இருந்தாலும் கதிர்த்தடத்தில் வேறொரு தொல்லை உண்டு. முதற் படிகம் கதிரின் வெப்பத்தை நேரடியாகத் தாங்குகிறது. அது 10 பாகை சூடேறினாலே ஆற்றல் ஏறக்குறைய 0.2 எலக்ட்ரான் வோல்ட் குறைந்துவிடும்; இரு படிகங்களின் இசைவும் கெடும். இண்டஸ்-2-இல் எலக்ட்ரான்கள் 55 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் செலுத்தப்பட்டு, பின்னரே முழு ஆற்றலுக்கு உயர்த்தப்படுகின்றன. ஆதலின், சோதனை நடைபெறும்போதே குறைவை இட்டு நிரப்பும் வசதி இல்லை. மின்னோட்டம் மணிக்கு மணி குறைய, வெப்பமும் குறைகிறது. படிகம் ஓரிடத்தில் நிற்பதில்லை.

இதற்குக் கையாளப்படும் உபாயம் எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. மின்னழுத்தத்திற்கேற்ப நுண்ணளவில் நீளும் பீசோ பொருள் ஒன்று இரண்டாம் படிகத்தைத் தாங்கி நிற்கும். அதனைக் கொண்டு படிகத்தை மிக மெல்ல அதிரச் செய்வர். கதிரின் செறிவும் அதே போக்கில் அதிர்ந்தால் உச்சம் முன்னே உள்ளது. எதிர்ப்போக்கில் அதிர்ந்தால் உச்சத்தைக் கடந்தாயிற்று. இக்குறிப்பைப் பெற்ற மின்னணுச் சுற்று படிகத்தைத் தானே திருத்தும். மூன்று மடங்கு ஆற்றலுள்ள வேண்டாத கதிரை ஒதுக்கப் படிகத்தை உச்சத்திலிருந்து சற்று விலக்கி வைப்பதும் வழக்கம். அப்போது, மாதிரிக்கு முன்னுள்ள அயனியறை காட்டும் செறிவை வளைய மின்னோட்டத்துடன் ஒப்பிட்டு, அவ்விகிதத்தை மாறாது காத்தல் வேண்டும். செறிவை மட்டும் காத்தால், மின்னோட்டம் தேயத் தேயப் படிகத்தைச் சுற்று தவறான இடத்திற்கு இழுத்துச் சென்றுவிடும்.

பின்னூட்டம் இருப்பதால் எல்லாம் சரியாயிற்று என்று எண்ணுதல் தவறு. செறிவு நிலையாக உள்ளபோதே ஆற்றல் நழுவக்கூடும். அதனால் மாதிரிக்குப் பின்னே தூய இரும்புத் தகடு ஒன்றை வைத்து, இரண்டையும் ஒருங்கே அளப்பர். தகட்டின் விளிம்பு நகர்ந்திருந்தால் பிழை வெளிப்பட்டுவிடும். இந்தூரின் மற்றொரு கதிர்த்தடம் வேறு வழியில் செல்கிறது. அங்கு வளைத்த படிகமொன்று பல ஆற்றல்களை ஒரே சமயத்தில் விரித்துக் காட்ட, அளவீட்டின்போது படிகத்தைச் சுழற்றும் தேவையே எழுவதில்லை.

பொருளாதார நோக்கில் பார்க்குமிடத்து, வளையம் ஒரு பெரும் நிலையான மூலதனம். அதன் விளைபொருள் நம்பத்தக்க அளவீடு. கதிர் அசைந்துகொண்டிருந்த நேரத்தில் வளையம் ஓடியது செலவுக் கணக்கில் சேரும். விளைவுக் கணக்கில் சேராது. தொலைவிலிருந்து மாதிரியுடன் வரும் ஆய்வாளருக்கு ஒதுக்கப்படுவதோ குறிப்பிட்ட நேரம் மட்டுமே. அதனை இழந்தால் மீண்டும் விண்ணப்பித்து, முறைக்காகக் காத்திருக்க வேண்டும். வளையத்தின் விலையுடன் ஒப்பிட்டால் நிலைகாட்டிகள், குளிர்நீர் வெப்பக் கட்டுப்பாடு, பீசோ சுற்று ஆகியவற்றின் செலவு சிறிதே. ஆயினும் இவற்றை இயக்கிச் சீர்செய்யும் தொழில்நுட்பப் பணியாளர் ஆண்டு முழுவதும் தேவைப்படுவர். கருவி ஒருமுறை வாங்கப்படுவது. பணியிடமோ ஆண்டுதோறும் நிதி வேண்டுவது. புதிய கதிர்த்தடத்திற்கான மதிப்பீட்டைத் தயாரிக்கும்போதே இவ்விரு செலவுகளையும் சேர்த்துக் காட்டுவது நலம்.