அணைத்த பிறகும் எரியும் விளக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மணியாச்சியில் நீ வயரிங் முடித்துக் கொடுத்த புது வீட்டுப் பால்காய்ப்புக்கு என்னால் வர முடியவில்லை. போன வாரம்தான் போனேன். காபி குடித்த கையோடு வீட்டை மேலும் கீழும் ஒரு சுற்றுப் பார்த்தேன். பல இடங்களில் பெருமையாக இருந்தது. சில இடங்களில் வயிறு எரிந்தது. போனில் சொன்னால் "சரி அண்ணாச்சி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

எந்த அறைக்கு எத்தனை வாட், எங்கே வார்ம் வொயிட், எங்கே கூல் டேலைட், எந்தச் சர்க்யூட்டுக்கு எந்த எம்சிபி என்பதெல்லாம் உனக்கு அத்துபடி. அதற்குள் போகவில்லை. நேரே மாடிக்கு வா.

மாடிப் படுக்கையறையில் சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது. வீட்டம்மாவுக்கு அதில் சந்தோஷம். "நைட் லேம்ப் செலவு மிச்சம் அண்ணாச்சி" என்றார். உன்னிடம் கேட்டதற்கு, "எல்இடின்னா அப்படித்தாங்க்கா இருக்கும்" என்றாயாம். விளக்கைக்கூடப் பொறுத்திருப்பேன். இந்தப் பதிலைப் பொறுக்க முடியவில்லை, தம்பி.

சுவிட்சை அணைத்து, பல்பைக் கழற்றி, ஹோல்டரில் டெஸ்டர் வைத்தேன். எரிந்தது. டெஸ்டர் பக்கத்து வயரின் தூண்டலிலும் மினுக்கும், அதை மட்டும் நம்பி முடிவு கட்டக்கூடாது. கீழ் ஹாலிலிருந்து நியூட்ரல் இழுத்து வந்து டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்த்தேன். முழு வெளிச்சத்தில் எரிந்தது. சுவிட்ச் ஆஃப், ஹோல்டரில் முழு ஃபேஸ். ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் உள்ளே போகிற இரண்டு வயரும் சிவப்பு. கறுப்புக் காயில் தீர்ந்திருக்கும், கையில் இருந்த சிவப்பையே நியூட்ரலுக்கும் இழுத்திருப்பாய். ஜாயின்ட் போடும்போது இரண்டும் மாறிவிட்டன. அந்த போர்டில் இருக்கிற ஒவ்வொரு சுவிட்சும் இன்றைக்கு நியூட்ரலைத்தான் வெட்டுகிறது.

இதே தப்பைக் குண்டு பல்பு காலத்தில் எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள், வெளியே தெரியவில்லை. 60 வாட் குண்டு பல்பு எரியக் கால் ஆம்பியர் வேண்டும். வயருக்கும் சுவருக்கும் நடுவே கசிகிற மைக்ரோ ஆம்பியர் அதன் இழையைச் சூடாக்கக்கூடப் போதாது. எல்இடியை எரிய வைக்கிற டிரைவர் சர்க்யூட்டுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் அந்தக் கசிவைத் துளித்துளியாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் விளக்கு மங்கலாக எரியும், இல்லாவிட்டால் விட்டுவிட்டு மினுக்கும். குண்டு பல்பு முப்பது வருஷம் மறைத்து வைத்த தப்பை எல்இடி முதல் ராத்திரியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. காட்டிக்கொடுத்த விளக்கின் மேலேயே நீ பழியைப் போட்டுவிட்டாய்.

நாளைக்கு அந்த வீட்டுப் பையன், சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஸ்டூல் போட்டு ஏறுவான். விரல் ஹோல்டர் பின்னில் படும். கரண்ட் கசிந்தால் லைனை வெட்டுகிற ஆர்சிசிபி போட்டிருக்கிறேனே என்பாய். அது உயிரைக் காப்பாற்றலாம். ஸ்டூலிலிருந்து விழுகிறவனைத் தாங்கிப் பிடிக்காது. மெயினை இறக்காமல் அந்த அறையில் பல்பைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அணைத்த பிறகு எரிகிற விளக்கெல்லாம் இதே கோளாறு என்றும் எடுத்துக்கொள்ளாதே. சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகவும் கரண்ட் கசியும். சுவிட்ச் வயரும் ஃபேஸ் வயரும் ஒரே பைப்பில் வெகுதூரம் சேர்ந்து ஓடினாலும் நடக்கும். அங்கே ஃபேஸ் சரியாகவே வெட்டப்பட்டிருக்கும். இண்டிகேட்டரை எடுத்துவிடலாம், அல்லது விளக்குக்கு இணையாக அதற்கென்று வருகிற கெப்பாசிட்டரைப் போடலாம். எது காரணம் என்று சோதித்துச் சொல்வதுதான் நம் வேலை.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் மரச்சட்டத்தில் கிளிப் அடித்து வயர் ஓட்டிய காலத்து ஆள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு பாயின்டிலும் சுவிட்சை அணைத்து, ஹோல்டரில் டெஸ்ட் லேம்ப் வைக்கச் சொல்வார். எரிந்துவிட்டால் அந்த போர்டு முழுவதையும் அவிழ்த்துத் திரும்பப் போடவேண்டும். பஸ் போய்விடுமே என்றாலும் விடமாட்டார். அவர் அவ்வளவு கறாராக இருந்ததற்குக் காரணம் இருந்தது. கோவில்பட்டியைச் சுற்றி வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டிய காலம் அது. பெண்களும் பிள்ளைகளும் ராத்திரி வெகுநேரம் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கு ஒரே ஒரு 40 வாட் பல்பு. விளக்கு வைக்கிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும், பல்பின் இழை மட்டும் சிவப்பாகத் தெரியும். டியூப் லைட் மாட்டிய வீட்டில் ஸ்டார்ட்டர் துடித்துக்கொண்டே இருக்கும், லைட் பிடிக்காது. அந்த வெளிச்சத்தில்தான் குரோஸ் கணக்கில் ஒட்டினார்கள். பசை காயாத ஈரக் கையோடுதான் எழுந்து வந்து சுவிட்சைத் தட்டுவார்கள், பல்பைத் திருகுவார்கள். அந்தக் கைகளை நினைத்துத்தான் அவர் ஒவ்வொரு ஹோல்டரையும் சோதிக்கச் சொன்னார்.

அந்த வீடுகளுக்கு எல்இடி வந்தது பெரிய காரியம். 2015 ஜனவரியில் எல்இடி பல்பை மலிவாகக் கொடுக்கிற உஜாலா திட்டம் தொடங்கிய பிறகு 9 வாட் பல்பு சாதாரணக் குடும்பத்துக்கும் எட்டியது. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை அது தருகிறது, வோல்டேஜ் நன்றாக இறங்கினாலும் எரிகிறது. நீல எல்இடியைச் சாத்தியமாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த நீலத்தின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசித்தான் இன்று நாம் மாட்டுகிற வெள்ளை விளக்கெல்லாம் வருகிறது. அவர்கள் கொடுத்த சில்லு லேசில் சாகாது. நாம் அடைத்து வைக்கிற இடத்தில் டிரைவர்தான் செத்துப்போகிறது.

இரண்டாவது குறை அதுதான். ஹால் ஃபால்ஸ் சீலிங்கில் ஸ்ட்ரிப் லைட்டுக்கு 12 வோல்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸை உள்ளே வைத்து ஜிப்சம் போர்டால் மூடிவிட்டாய். கை நுழைய ஒரு திறப்புக்கூட இல்லை. எல்இடி சூடாகாது என்று யார் உனக்குச் சொன்னது? வெளிச்சத்தில் சூடு வராது. சில்லின் முதுகிலும் டிரைவரிலும் வருகிற சூடு எங்காவது வெளியேறியாக வேண்டும். ஹாலுக்கு மேலே இருக்கிற மொட்டை மாடிக் கான்கிரீட் சித்திரை வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்கக் கீழே விடுகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட எஸ்எம்பிஎஸ் வேகிறது. அதற்குள் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குச் சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் 25,000 மணி நேரம் நம் ஊர் மொட்டை மாடிக்கு அடியில் வைத்து அளந்த கணக்கு இல்லை.

அதே ஹாலில் பத்து மீட்டர் ஸ்ட்ரிப்பை ஒரே ஓட்டமாக ஓட்டி, ஒரு முனையில் மட்டும் சப்ளை கொடுத்திருக்கிறாய். மீட்டருக்கு 14.4 வாட் ஸ்ட்ரிப் அது. பத்து மீட்டருக்கு 144 வாட். 12 வோல்ட்டில் 12 ஆம்பியர். மெல்லிய செப்புத் தகட்டில் அவ்வளவு கரண்ட் போனால் வோல்டேஜ் வழியிலேயே விழுந்துவிடும். வாசல் பக்கம் வெள்ளையாகவும் ஜன்னல் பக்கம் மங்கலாகவும் எரிவதை நானே பார்த்தேன். ஐந்து மீட்டருக்கு ஒரு தனி சப்ளை வயர் கொடு. ஸ்ட்ரிப்பை வெறும் போர்டில் ஒட்டாமல் அலுமினிய புரொஃபைலில் ஒட்டு. எஸ்எம்பிஎஸ்ஸை லாஃப்டுக்குக் கொண்டுபோ, அல்லது சீலிங்கில் காற்றுப் போகும்படி ஒரு மூடி வை.

எர்த் பற்றிச் சொல்லாமல் நான் கடிதத்தை முடிக்கமாட்டேன் என்று உனக்குத் தெரியும். நம் கரிசலில் வேலை செய்கிறவன் மற்ற ஊர்க்காரன் கணக்கில் எர்த் போடக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் மண் ஊறி உப்பியிருக்கும்போது பைப்பை இறக்கி அளந்தால் எர்த் டெஸ்டரில் அருமையான ரீடிங் வரும். அதை நம்பி வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு வந்துவிடுகிறோம். மாசி, பங்குனியில் கரிசல் காய்ந்து வெடிக்கும். கை மெலிந்தவளின் வளையல் மாதிரி மண் பைப்பை விட்டு விலகி நிற்கும். அப்போது அளந்து பார், உண்மை தெரியும். எர்த்திங் பவுடர் என்று கடையில் விற்கிற பென்டோனைட்டும் இதே குணம் உள்ளதுதான். கரிசலின் களியில் இருக்கும் மான்ட்மோரில்லோனைட்டுதான் அதிலும் முக்கியமான சரக்கு. ஈரம் போனால் அதுவும் சுருங்கும். தண்ணீர் ஊற்றாத எர்த் குழிக்கு எந்தப் பவுடரும் துணை நிற்காது.

விளக்குக்கும் எர்த்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிடாதே. கோடை மழையின் முதல் இடியில் ஒரு தெருவே எல்இடி பல்புகளைப் பறிகொடுப்பதை நீயும் பார்த்திருக்கிறாய். லைனில் ஏறி வருகிற அந்த அடியை மண்ணுக்குள் தள்ளத்தான் எம்சிபி இருக்கிற டிபி பெட்டியில் சர்ஜ் புரொடெக்டர் போட்டிருக்கிறாய். மண் பைப்பைத் தொடாவிட்டால் அது எங்கே தள்ளும்? குழியின் மேல் ஒரு சிமென்ட் தொட்டியும் மூடியும் வைத்து, தைப் பொங்கல் கழிந்ததிலிருந்து மழை விழும்வரை வாரம் தவறாமல் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வீட்டில் குழி எங்கே இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. மேலே டைல்ஸ் போட்டுவிட்டார்கள்.

இனி நல்லதைச் சொல்கிறேன். அந்த வீட்டு அடுப்படியைப் போல ஓர் அடுப்படி வெளிச்சத்தை நான் இந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை. எல்லாரும் சீலிங் நடுவில் ஒரு பெரிய பேனலை மாட்டிவிட்டுப் போவார்கள். சமைக்கிறவள் முதுகில் வெளிச்சம் விழும், அவள் நிழல் அரிவாள்மணை மேல் விழும். நீ மேல் ஷெல்ஃபுக்கு அடியில், முன் ஓரத்தில், பட்டையாக விளக்கை வைத்து கண்ணில் படாமல் ஒரு பட்டி அடித்திருக்கிறாய். மேடை முழுக்க வெளிச்சம். வெங்காயம் நறுக்குகிற விரல்நுனி வரை துலக்கமாகத் தெரிகிறது. வார்ம் வொயிட்டும் இல்லாமல் கண்ணைக் குத்தும் வெள்ளையும் இல்லாமல் நடுவில் 4000 கெல்வின் எடுத்தது உன் அறிவு. டிபியில் எந்த எம்சிபி எந்த அறைக்கு என்று தமிழில், வீட்டிலிருக்கும் பாட்டி படிக்கிற அளவு எழுத்தில் ஒட்டியிருக்கிறாய். டிபிக்குள் வயர் கட்டியிருக்கிற நேர்த்தியைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பார்த்திருந்தால் உன்னைத் தோளில் தட்டியிருப்பார். இவ்வளவு வேலை தெரிந்த பையன் "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லலாமா என்பதுதான் என் ஆற்றாமை.

மாடி ஜங்ஷன் பாக்ஸை நானே மாற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். உன் வேலையை நீதான் திருத்தவேண்டும் என்று கைவைக்காமல் வந்தேன். நாளைக்கே போ. மெயினை இறக்கிவிட்டு ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிப் போடு, நியூட்ரலுக்குக் கறுப்பு வயர் இழு. சீலிங்கை வெட்டி எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே எடு. எர்த் குழியின் மேலிருக்கும் டைல்ஸைப் பெயர்த்து மூடி வை. கூலி வாங்காதே. அந்த அக்காவை மாடிக்குக் கூட்டிப்போய், தப்பு எங்கே இருந்தது என்று சொல்லி, அணைத்தால் விளக்கு முழுக்க அணைவதைக் காட்டு. அதுவரை அந்த வீட்டு வேலை முடிந்ததாக நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அன்புடன்,
அண்ணாச்சி