இரைப்பைத் திராவகமும் அதனை அடக்கும் மாத்திரையும்

பரீட்சை நெருங்குந்தோறும் விடுதி மேசைகளில் புத்தகத்திற்கு அடுத்தபடியாகக் காணப்படுவது நெஞ்செரிச்சல் மாத்திரையின் அட்டையே. நள்ளிரவுவரை கண்விழித்துத் தேநீர் பருகி, தலைநோவுக்கு ஒரு மாத்திரையும், அதனால் விளைந்த எரிச்சலுக்கு மற்றொன்றும் விழுங்குவார் நம்முட் பலர். யானும் அவர்களுள் ஒருவனாயிருந்தவனே.

இரைப்பையில் ஊறுவது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்னும் திராவகம் என்பதை 1824-ஆம் ஆண்டில் வில்லியம் பிரௌட் என்னும் ஆங்கில வைத்தியர் வெளியிட்டார். அது நமக்குப் பகையன்று. புரதம் செரிப்பதற்குத் துணையாவதும், உணவோடு புகும் கிருமிகளை மாய்ப்பதும் அதுவே. மிகுந்தோ, மேலே ஏறி உணவுக்குழாயைத் தீண்டியோ வருத்தும்போதுதான் அதனை அடக்க வேண்டியதாகிறது.

மக்னீசியம், அலுமினியம் ஆகியவற்றின் உப்புக்களாலாய கூழ்மருந்து, ஊறிய திராவகத்தை உடனே முறிக்கும். அதன் பயன் விரைவில் ஒழியும். ஓமெப்ரசோல், பாண்டோப்ரசோல் முதலியனவோ ஊற்றையே அடைப்பன. ஓமெப்ரசோல் ஸ்வீடன் தேசத்தில் ஆராய்ந்து காணப்பட்டு, 1988-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. இரைப்பைச் சுவரின் உயிரணுக்களில் திராவகத்தை வெளியேற்றும் நுண்ணிய இறைப்பான்கள் பல உள. உணவு வந்தவுடன் அவை தொழிற்படும். தொழிற்படும் இறைப்பானையே இம்மருந்து பற்றி நிறுத்தும். ஆதலின், காலையுணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்னர் இதனை உட்கொள்ளல் வேண்டும். விருந்துண்டபின் விழுங்கிவிட்டு, "மருந்து பலிக்கவில்லை" எனக் கடைக்காரரை நோவது முறையோ? முழுப் பயன் தோன்றச் சில நாள் செல்லும். திராவகத்தாற் சிதையாதிருக்க மேற்பூச்சு இடப்பட்டிருத்தலின், மென்றோ பொடித்தோ உண்ணலாகாது.

இனி, மிக முக்கியமான செய்தி ஒன்றுண்டு. பல வாரம் உண்டு திடீரென நிறுத்தினால், அடக்கப்பட்டிருந்த ஊற்று முன்னினும் மிகுதியாய்ப் பெருகும். நோய் திரும்பியதென்று அஞ்சி மீண்டும் மாத்திரையைத் தேடுவார்கள். இவ்வாறே ஆண்டுகள் கழியும். அமெரிக்க நாட்டில் வைத்தியர் சீட்டின்றி விற்கப்படும் ஓமெப்ரசோல் உறையில் 14 நாள் என எல்லை குறிக்கப்பட்டிருப்பது வீணன்று. நெடுங்காலம் உண்பாருக்கு பி12 உயிர்ச்சத்தும் மக்னீசியமும் குறையக்கூடும். இரத்தம் உறையாதிருக்கக் குளோபிடோக்ரெல் உண்பவர் ஓமெப்ரசோலைத் தவிர்த்தல் நன்று. அதன் ஆற்றலை இது குறைத்துவிடும்.

இம்மாத்திரை எரிச்சலை மறைக்கும். காரணத்தையும் உடன் மறைத்துவிடும். இரைப்பைப் புண்ணுக்கு ஒரு கிருமியும் காரணமாகும் என்பதை ஆஸ்திரேலியரான மார்ஷல், வாரன் இருவரும் காட்டி, 2005-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். அக்கிருமியை மூச்சுச் சோதனையால் தேடும்போது, இரு வாரம் முன்னரே இம்மாத்திரையை நிறுத்தாவிடில், இருக்கும் கிருமியும் இல்லாததுபோலத் தோன்றும். மலம் கருநிறமாதல், இரத்த வாந்தி, விழுங்குதற் கருமை, காரணமின்றி உடல் மெலிதல் இவற்றுள் ஒன்று காணினும் மாத்திரையை நம்பியிராது வைத்தியரை நாடுக. மார்பிலெழும் நோவு தோளுக்கோ தாடைக்கோ பரவி வியர்வையும் தோன்றினால், அதனை நெஞ்செரிச்சல் என்றெண்ணி நாழிகை போக்காது உடனே வைத்தியசாலைக்குச் செல்க.

வைத்தியர் கட்டளைப்படி நாடோறும் உண்டுவருவோர் இக்கட்டுரையைப் படித்துத் தாமே நிறுத்திவிடலாகாது. இரைப்பையில் முன்னர் இரத்தம் கசிந்தவர்க்கு இம்மருந்தே காவலாயிருத்தலுங் கூடும். ஏனையோர் தலைநோவு மாத்திரையை வெறுவயிற்றில் உண்ணும் வழக்கத்தை விட்டு, இராவுணவிற்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விட்டுப் பார்ப்பாராக. எனக்கு அவ்வளவே போதுமானதாயிற்று.