டைரியில் பன்னிரண்டு சொற்கள்: யாரிடம் காட்டலாம்?

கேள்வி: மட்டாஞ்சேரியில் மூன்று தலைமுறையாக வசிக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. என் கணவர் பஜார் ரோட்டில் ஒரு மிளகு ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்குப் பார்த்தார். 2021-இல் கோவிட்டில் இறந்துவிட்டார். 2017 கடைசியில் கொஞ்சம் பிட்காயின் வாங்கியதாகவும், மறு வருடம் அதை ஆப்பிலிருந்து எடுத்து லேப்டாப்பில் வைத்துவிட்டதாகவும் சொல்லியிருந்தார். சமீபத்தில் அவருடைய பழைய டைரியில் வரிசை எண் போட்டு எழுதிய பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் கிடைத்தன. ஈரம் பட்டு இரண்டு சொற்கள் பாதி அழிந்திருக்கின்றன. டெலிகிராம் குழு ஒன்றில் இதைப் பற்றிக் கேட்டேன். சிறிது நேரத்திலேயே 'வாலெட் சப்போர்ட்' என்ற பெயரில் ஒருவர் தனிச்செய்தி அனுப்பி, ஒரு லிங்க்கில் அந்தச் சொற்களைப் பதியச் சொன்னார். கணவர் கணக்கில் 3.8 பிட்காயின் இருப்பதாக ஒரு படமும் அனுப்பினார். மறுநாள் டெல்லி வக்கீல் என்று இன்னொருவர் பேசினார். மீட்டுத் தருகிறேன், கிடைப்பதில் 15 சதவீதம் எனக்கு, ஜிஎஸ்டிக்காக 24,000 ரூபாய் மட்டும் முன்னால் கட்டுங்கள் என்றார். டைரியைத் தன்னிடம் கொடுத்தால் தானே பேசி முடிப்பதாகக் கொழுந்தனார் சொல்கிறார். மாமியார் எங்களோடு இருக்கிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். பிட்காயின் வைத்திருப்பதே குற்றம் என்கிறார்களே, உண்மையா? இவர்களில் யாரை நம்புவது?
— வாசகி, மட்டாஞ்சேரி

பதில்: அந்த லிங்க்கில் நீங்கள் இதுவரை எதையும் பதியவில்லை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். டெலிகிராமில் வந்த இருவரும் மோசடிக்காரர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, காரணத்தையும் சொல்கிறேன்.

பிட்காயின் முகவரி தெரிந்தால் அதில் எவ்வளவு இருக்கிறது என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் நீங்கள் அவருக்கு முகவரியைக் கொடுக்கவில்லை; சொற்களையும் கொடுக்கவில்லை. பிறகு 3.8 என்ற கணக்கு அவருக்கு எங்கிருந்து வந்தது? உங்களுக்கு ஆசை மூட்டுவதற்காக அவரே போட்டுக்கொண்ட எண் அது.

அடுத்தவர் வக்கீல் என்கிறார். நானும் வக்கீல்தான்; எங்கள் தொழிலுக்கு அகில இந்திய பார் கவுன்சிலின் விதிகள் உண்டு. கட்சிக்காரரைத் தேடிப் போய் வேலை கேட்கக் கூடாது. முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது, கிடைப்பதில் பங்கும் கேட்கக் கூடாது. இந்த மனிதர் முதல் பேச்சிலேயே எல்லாவற்றையும் மீறியிருக்கிறார். அதைவிட வேடிக்கை அந்த ஜிஎஸ்டி. தொழில் நிறுவனம் அல்லாத தனிநபருக்கு வக்கீல் செய்யும் சட்ட உதவிக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. இல்லாத வரிக்கு 24,000 கேட்கிறார். பொய் வக்கீல் அலுவலகங்கள் கிரிப்டோவில் பணம் இழந்தவர்களைக் குறிவைத்து மறுபடியும் பறிப்பதாக அமெரிக்காவின் எஃப்பிஐ 2024 ஜூனில் எச்சரித்தது. அதே சரக்குதான் உங்கள் வாசலுக்கும் வந்திருக்கிறது. இனி யாராவது வக்கீல் என்று சொன்னால் எந்த மாநில பார் கவுன்சில், பதிவு எண் என்ன என்று கேளுங்கள். மழுப்பினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

குற்றமா என்று கேட்டீர்கள். இல்லை. இந்தியாவில் பிட்காயின் வைத்திருப்பதைத் தடை செய்யும் சட்டம் கிடையாது. 2018 ஏப்ரல் 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. கிரிப்டோ நிறுவனங்களுக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்பது அதன் சாரம். அந்த வருடம் செப்டம்பரில் ஸெப்பே என்ற கிரிப்டோ ஆப் தன் இந்திய வர்த்தகத்தை நிறுத்தியது. 2019 ஜூனில் காய்னெக்ஸ் என்ற இன்னொரு ஆப் மூடியது. ஆப் எந்த நேரத்தில் மூடுமோ என்று பயந்து பலர் காயின்களைத் தங்கள் சொந்த வாலெட்டுக்கு மாற்றினார்கள். உங்கள் கணவர் 2018-இல் செய்ததும் இதுவாகத்தான் இருக்கும். டைரியில் அந்தச் சொற்களை எழுதிய காரணமும் அதுவே. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்துவிட்டது.

இன்னும் முக்கியமான ஒரு தீர்ப்பு இருக்கிறது. வாஸிர்எக்ஸ் என்ற கிரிப்டோ நிறுவனத்திலிருந்து 2024 ஜூலை 18 அன்று சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடப்பட்ட பிறகு, கணக்கு முடக்கப்பட்ட ஒரு வாடிக்கையாளர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ ஒரு சொத்து, அதை உடைமையாக வைத்து அனுபவிக்கலாம், பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்று சொன்னார். கேரள நீதிமன்றங்களை இது கட்டாயப்படுத்தாது என்றாலும் எடுத்துக்காட்டி வாதாட வலுவானது. இருந்தாலும் அந்த வழக்கில் எதிர்த்தரப்புக்கு ஒரு பெயரும் மும்பையில் ஓர் அலுவலகமும் இருந்தன. உங்கள் டெலிகிராம் நண்பருக்கு எந்த விலாசத்துக்கு நோட்டீஸ் அனுப்புவேன்?

இப்போது அந்தப் பன்னிரண்டு சொற்களுக்கு வருகிறேன். பலர் அதை ஏதோ அடையாளச் சான்று, ஓடிபி மாதிரி என்று நினைக்கிறார்கள். அது பஜார் ரோட்டுக் கிடங்கின் சாவி மாதிரி. வைத்திருப்பவர் யார் என்று பூட்டு கேட்காது. வங்கி விஷயத்தில் ரிசர்வ் வங்கியின் விதிகள் வாடிக்கையாளரின் பொறுப்புக்கு வரம்பு வைக்கின்றன, புகார் செய்யச் சில நாள் அவகாசமும் தருகின்றன. இங்கே வங்கியே கிடையாது. போன காயினைத் திருப்பி அழைக்கும் பொத்தானும் கிடையாது.

அழிந்த இரண்டு சொற்களைப் பற்றி நீங்கள் பயப்படுவது போலவே திருடனும் பயப்படுவான் என்று எண்ணிவிடாதீர்கள். 2013-இலிருந்து பெரும்பாலான வாலெட்டுகள் பின்பற்றும் முறையில் சொற்கள் எல்லாம் 2048 சொற்கள் கொண்ட ஒரே பட்டியலிலிருந்து வருகின்றன. முதல் நான்கு எழுத்து தெரிந்தால் எந்தச் சொல் என்று கண்டுபிடித்துவிடலாம். இரண்டு சொற்கள் முழுதாகவே போயிருந்தாலும் சுமார் 42 லட்சம் சேர்க்கைகள்தான். சாதாரணக் கணினி அதைச் சோதித்து முடித்துவிடும். ஆகவே "பத்து சொல்தானே காட்டினேன்" என்பது பாதுகாப்பு ஆகாது. டைரிப் பக்கத்தை மொபைலில் படம் எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் மகளுக்குக்கூட அனுப்பாதீர்கள்.

நல்ல செய்தியும் இதிலேயே இருக்கிறது: உங்களுக்கு நிபுணர் தேவைப்படாமல் போகலாம். முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள், டைரியைத் தொடாமலே அதைச் செய்யலாம். கணவரின் பழைய மின்னஞ்சலில் 2018-இல் ஆப் நிறுவனம் காயினை வெளியே அனுப்பியதாக ஒரு தகவல் இருக்கும். அதில் முகவரி இருக்கும். இல்லையென்றால் வாரிசு என்ற முறையில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு இறப்புச் சான்றிதழோடு எழுதிக் கேளுங்கள். முகவரி கிடைத்தால் பொதுவெளியில் இருப்பைப் பார்த்துக்கொள்ளலாம். சில நூறு ரூபாய்தான் என்று தெரிந்தால் இந்தத் தலைவலியே வேண்டாம்.

பெரிய தொகை என்றால் அவசரப்படாதீர்கள். பழைய லேப்டாப்பைச் சர்வீஸ் கடையில் கொடுக்க வேண்டாம், விற்கவும் வேண்டாம். அதில் உள்ள பழைய மென்பொருளைத் திறந்து பார்க்கும் ஆசையும் ஆபத்து. எலெக்ட்ரம் என்ற வாலெட்டின் பழைய பதிப்புகளில் ஓர் ஓட்டை இருந்தது. 2018 டிசம்பரிலிருந்து மோசடிக்காரர்கள் அதைப் பயன்படுத்தி, காயினை அனுப்ப முயல்பவரின் திரையிலேயே "புதிய பதிப்பை நிறுவுங்கள்" என்ற பொய்ச் செய்தியைக் காட்டினார்கள். 2017-இலிருந்து தன் வாலெட்டைத் தொடாத ஒருவர் 2020 ஆகஸ்டில் அதைத் திறந்தார், செய்தி சொன்னபடி நிறுவினார், 1,400 பிட்காயின் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 1.6 கோடி டாலர். அவர் எந்த மின்னஞ்சலையும் சொடுக்கவில்லை, எவரோடும் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கூகுளில் வாலெட் பெயரைத் தேடி முதலில் வரும் விளம்பரத்தைத் தொடுவதும் இதே ரகம். பிளாக்செயின் என்ற பிரபல வாலெட்டின் பெயரில் எழுத்தை மாற்றிப் போலித்தளங்கள் அமைத்து, கூகுள் விளம்பரத்தில் அவற்றை முன்னால் நிறுத்தி, மூன்று வருடங்களில் சுமார் 5 கோடி டாலர் கொள்ளையடித்த ஒரு கும்பலைப் பற்றி சிஸ்கோவின் டாலோஸ் பிரிவு 2018 பிப்ரவரியில் வெளியிட்டது. பழைய பிட்காயின் வைத்திருப்பவர்களுக்கு "உங்களுக்கு இலவசக் காயின் சேர வேண்டியிருக்கிறது, சொற்களைப் போட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்றும் வரும். 2017 நவம்பரில் பிட்காயின் கோல்ட் பெயரில் அப்படித்தான் 30 லட்சம் டாலருக்கு மேல் போனது.

ஆகவே நேரில் தெரிந்த, கணினி நன்றாக அறிந்த ஒருவரை வீட்டுக்கு வரவழையுங்கள். மகளின் கல்லூரி ஆசிரியராக இருக்கலாம். மென்பொருளை அதன் அசல் தளத்திலிருந்தே இறக்கி, டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து, இணையம் துண்டித்த கணினியில், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சொற்களைச் சோதிக்கட்டும். திறந்துவிட்டால் புதிய சொற்களோடு புதிய வாலெட் ஒன்றை உருவாக்கி, முதலில் சிறு தொகை, பிறகு மிச்சம் எல்லாம் அதற்கு மாற்றுங்கள். நிபுணர் தேவைப்பட்டால் கட்டணம், வேலை, ரகசியம் எல்லாவற்றையும் முத்திரைத்தாளில் எழுதி, பான் எண்ணோடு கையெழுத்து வாங்குங்கள். இந்தத் தொழிலில் நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். 2013-இலிருந்து பூட்டிக் கிடந்த 43.6 பிட்காயினை ஜோ கிராண்ட் என்ற அமெரிக்க வல்லுநர் மீட்ட செய்தி 2024-இல் வந்தது. அங்கே உரிமையாளர்தான் அவரைத் தேடிப் போனார். அவரோ முதலில் மறுத்துவிட்டார்.

ஒருவேளை சொற்கள் ஏற்கனவே வெளியே போயிருந்தால், காயின் இன்னும் இருக்கும் பட்சத்தில் அதே நிமிடம் வேறு வாலெட்டுக்கு மாற்றுவதுதான் முதல் வேலை, போலீஸ் அடுத்தது. ரூபாயாகப் பணம் கட்டியிருந்தால் உடனே 1930 என்ற சைபர் உதவி எண்ணை அழையுங்கள். வழியிலேயே வங்கியில் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. காயின் போயிருந்தால் பரிவர்த்தனை எண், போய்ச்சேர்ந்த முகவரி இரண்டையும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிந்து, கொச்சி நகர சைபர் காவல் நிலையத்துக்குப் போங்கள். மட்டாஞ்சேரி ஸ்டேஷனும் எல்லை பார்க்காமல் புகாரை வாங்க வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173 அப்படித்தான் சொல்கிறது. வாங்க மறுத்தால் மேலதிகாரிக்கு எழுத்தில் அனுப்பிவிட்டு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 66டி பிரிவுகளில் மூன்று வருடம் வரை, பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-இல் ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. நீங்களே மனமுவந்து சொற்களைக் கொடுத்தீர்கள் என்ற வாதம் எடுபடாது, ஏமாற்றி வாங்கிய சம்மதம் சம்மதம் ஆகாது. ஆனால் பிட்காயின் பரிவர்த்தனைகளின் பொதுப் பதிவேடான பிளாக்செயினில் பார்த்தால் காயினை நீங்களே அனுப்பிய மாதிரிதான் தெரியும். உங்களை ஏமாற்றியதற்கு அந்த உரையாடல் ஒன்றே சாட்சி. கோபத்தில் பிளாக் செய்து அழித்துவிடாதீர்கள். பயனர் பெயர், தேதி, லிங்க் தெரியும்படி சேமித்து வையுங்கள். நீதிமன்றத்தில் அதைத் தாக்கல் செய்ய புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதை வக்கீல் தயாரித்துத் தருவார். இழப்பு ஏற்படாவிட்டாலும் அந்த இருவரையும் பற்றி அதே தளத்தில் தகவல் கொடுங்கள்.

விற்கும்போது ஒரு பொறி. டெலிகிராமில் "கூடுதல் விலை தருகிறேன், நேரடியாக வங்கிக்கு அனுப்புகிறேன்" என்பவரிடம் விற்றால் வருவது வேறு யாரிடமோ திருடிய பணமாக இருக்கலாம். உங்கள் வங்கிக் கணக்கு முடங்கும். இப்படி முடங்கிய பலரின் வழக்கில் 2023-இல் கேரள உயர் நீதிமன்றம், போலீஸ் குறிப்பிட்ட தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும், முழுக் கணக்கையும் முடக்க வேண்டாம் என்றது. நிவாரணம்தான், ஆனால் அதற்கும் வழக்கு நடத்த வேண்டியிருந்தது. மத்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த நிறுவனத்தின் மூலமே விற்றுவிடுங்கள். வாரிசாக வந்ததற்கு வரி இல்லை. விற்ற லாபத்துக்கு 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும். கணவர் வாங்கிய விலையைத் தவிர வேறு எதையும் கழிக்க முடியாது என்பதால் 2017 வங்கிக் கணக்குப் பட்டியலை இப்போதே எடுத்து ஆடிட்டரிடம் கொடுங்கள். "வரியை முதலில் எங்கள் வாலெட்டில் கட்டுங்கள்" என்று யார் கேட்டாலும் பொய். வருமான வரி உங்கள் பான் எண்ணில், வருமான வரித்துறையின் தளத்தில் மட்டுமே கட்டப்படும்.

கடைசியாகக் குடும்ப விஷயம். கணவர் உயில் எழுதவில்லை என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்கள், மகள், மாமியார் மூவருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. ஃபோர்ட் கொச்சியில் உள்ள தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அரசிதழில் அறிவித்து ஆட்சேபம் கேட்ட பிறகே தாசில்தார் தருவார், நாள் பிடிக்கும். அதற்குள் மூவரும் கையெழுத்திட்ட ஓர் ஒப்புதல் கடிதம் எழுதி வைத்துவிட்டு வாலெட்டைத் திறக்கலாம். மகளுக்குப் பதினெட்டு நிறையவில்லை என்றால் அவள் பங்கைத் தனியாக வைக்க வேண்டும். கொழுந்தனார் நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார் என்று வைத்துக்கொண்டாலும், உங்கள் மூவரில் ஒருவர் இருந்தாலும் அண்ணனின் சொத்தில் அவருக்குப் பங்கு இல்லை. டைரியைக் கேட்கும் உரிமையும் இல்லை.