புதிய தலைமுறைத் தொலைபேசி வலையமைப்பும் யாழ்ப்பாணக் கமக்காரரும்

வெங்காயத்தைக் கிண்டி எடுத்த பின்னர் விலை விசாரிப்பதும், நோய் தோட்டமெங்கும் பரவிய பின்னர் மருந்து தேடுவதும் நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கங்களாகும். இவ்விரண்டும் நட்டத்தையே தருவன. உரிய செய்தி உரிய வேளையில் கிடைப்பின் இந்நட்டத்தைப் பெரிதும் குறைக்கலாம். கைத்தொலைபேசி வலையமைப்பின் பயனும் இதுவேயாம்.

வலையமைப்பின் வளர்ச்சி

இலங்கையில் கைத்தொலைபேசிச் சேவை 1989ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. அப்போது அது பேசுவதற்கே பயன்பட்டது. 2006இல் வந்த மூன்றாம் தலைமுறை வலையமைப்பினால் படங்களை எளிதில் அனுப்ப முடிந்தது. 2013இல் கைத்தொலைபேசிகளுக்கு நான்காம் தலைமுறைச் சேவை கிடைத்தது. அசையும் படங்களும் தடையின்றிச் செல்லலாயின. ஐந்தாம் தலைமுறை இவற்றினும் விரைவானது. ஒரு சதுர கிலோமீற்றர் பரப்பில் 10 இலட்சம் கருவிகளை இணைக்கும் நோக்குடன் அது வகுக்கப்பட்டுள்ளது.

நாடு அடையும் நன்மை

கேரளத்தின் வட கரையோரத்தில் 1997 முதல் 2001 வரையான காலத்தில் கைத்தொலைபேசிச் சேவை பரவியது. அதற்கு முன்னர், ஒரு துறையில் வாங்குவாரின்றி மீன் கடலிற் கொட்டப்பட, அண்மையிலுள்ள வேறொரு துறையில் மீனின்றி மக்கள் திரும்பிய நாட்களுண்டு. சேவை வந்தபின் மீனவர் கடலில் இருந்தபடியே விலை விசாரித்து, தேவையுள்ள துறைக்குப் படகைச் செலுத்தினர். மீன் வீணாவது அற்றுப்போயிற்று. மீனவரின் இலாபம் ஏறத்தாழ நூற்றுக்கு 8 வீதம் உயர்ந்தது. வாங்குவோர் கொடுத்த விலையோ நூற்றுக்கு 4 வீதம் குறைந்தது. விற்பவரும் வாங்குபவரும் ஒருங்கே நன்மையடைவதே நாட்டின் நன்மை. வெறும் பேச்சினாலேயே இத்துணைப் பயன் விளைந்ததென்பதைக் கவனியுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. விலை: அறுவடைக்கு முன்னரே திருநெல்வேலி, சுன்னாகம், கொடிகாமம் சந்தைகளிலும் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலும் விலையை விசாரியுங்கள். வெங்காயத்தை நன்கு உலர்த்திக் கட்டித் தொங்கவிட்டுச் சில காலம் வைத்திருக்கலாம். கத்தரியை அவ்வாறு வைத்திருக்க இயலாது. ஆகவே அழுகும் பொருளுக்கு முதலில் விலை கேளுங்கள்.

2. நோய்: பங்கசு நோய்க்குப் பூச்சிநாசினி தெளித்துப் பணத்தையும் பயிரையும் இழந்தோரை நான் பல தோட்டங்களிற் கண்டிருக்கிறேன். மருந்து வாங்குமுன் படமெடுத்து அனுப்புங்கள். முழுச் செடி, இலையின் அடிப்புறம், வேர் அல்லது கிழங்கு ஆகிய மூன்றையும் காலை வெளிச்சத்திற் படமெடுங்கள். அளவு விளங்க அருகில் ஒரு நாணயத்தை வையுங்கள். பயிரின் வயது, இட்ட பசளை, தெளித்த மருந்து, கடைசியாக நீர் இறைத்த நாள் என்பவற்றையும் குறிப்பிடுங்கள்.

3. நீர்: குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லினுள் தேங்கும் மழைநீரே நமது கிணற்று நீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகும். மண்ணின் ஈரத்தை அறிந்து தொலைபேசிக்கு அறிவிக்கும் கருவிகள் இன்று உள. இவற்றைப் பெருந்தொகையாக இணைப்பதற்கு ஐந்தாம் தலைமுறை வலையமைப்பு உதவும். அயலவர் சிலர் கூடி ஒரு தோட்டத்திற் பரீட்சித்துப் பார்ப்பது சிக்கனமாகும்.

எச்சரிக்கை

மிகு வேகம் தரும் உயர்ந்த அலைவரிசைகள் நெடுந்தூரம் செல்லா. அவற்றுக்குக் கோபுரங்கள் நெருக்கமாக அமைய வேண்டும். எனவே புதிய சேவை எல்லாக் கிராமங்களையும் ஒரே காலத்தில் எட்டாது. அதற்காகக் காத்திராது, இப்போதுள்ள வலையமைப்பையே பயன்படுத்தத் தொடங்குங்கள். புயற் காலத்தில் மின்சாரம் நின்றால் கோபுரமும் நிற்கக்கூடும். மின்கலத்தில் இயங்கும் வானொலியொன்று வீட்டில் இருக்கட்டும். யாரென்று அறியாதார் அனுப்பும் மருந்துக் குறிப்புகளை நம்பித் தெளிக்கவேண்டாம்.

ஐயம் எழுந்த அன்றே விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் இலக்கத்துடன் தொடர்பு கொள்ளுங்கள்; அல்லது உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். கருவி எத்துணை விரைவாயினும், கேட்பவர் தாமதித்தால் விடையும் தாமதித்தே வரும்.