திரிபிடகத்தைத் தனியாகப் படிக்கிறீர்களா?

ஆசான் இல்லாமல் இந்தப் பௌத்த நூல்தொகுப்பில் உள்ள புத்தரின் உரைகளைப் படிக்க உட்காருவோர் பலரும், எங்கே தொடங்குவது என்றே திணறுகிறார்கள்.

1. தம்மபதத்தில் தொடங்குங்கள். மொத்தமே 423 பாடல்கள். எங்கே நிறுத்தினாலும் இழை அறாது.

2. அடுத்தது நடுத்தர நீள உரைகளின் தொகுப்பான மஜ்ஜிம நிகாயம். 152 உரைகளையும் வரிசையாக விழுங்க வேண்டாம். பத்தாவதான சதிபட்டான உரையை முதலில் எடுங்கள். மூச்சைக் கவனிப்பதிலிருந்து தியானப் பயிற்சி படிப்படியாக அதிலேயே இருக்கிறது.

3. ஒரே உரைக்கு இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வையுங்கள். மொழிபெயர்ப்பாளரின் சாய்வு தெரிந்துவிடும்.

4. வாட்ஸ்அப்பில் வரும் 'புத்தர் சொன்னார்' செய்திக்கு நிகாயமும் உரை எண்ணும் கேளுங்கள். போலிகள் ஏராளம்.

5. திரிபிடகத்தின் மூன்றாம் பகுதியான அபிதம்மத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பெரும்பாலும் வகைப்பாட்டுப் பட்டியல்தான், ஆர்வம் வற்றிவிடும்.

6. பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் முப்பதாம் காதையைத் தவறவிடாதீர்கள். துன்பம் தோன்றும் காரணச் சங்கிலியான பன்னிரு நிதானங்களைத் தமிழிலேயே விளக்குகிறது.