கேஸ்கெட்டின் அளவும் துவாரத்தின் அளவும்

1955-ஆம் ஆண்டில் ஷெவ்ரலே நிறுவனம் 265 கன அங்குல வி-8 எஞ்சினை வெளியிட்ட பிறகு, தங்கள் கார்களின் வேகத்தைத் தங்கள் கைகளாலேயே கூட்டிக்கொள்ள விரும்பிய அமெரிக்க இளைஞர்கள், வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மானிபோல்டைக் கழற்றிவிட்டுச் சிலிண்டருக்கு ஒரு குழாய் வீதம் அமைந்த ஹெடரைப் பூட்டுவதை ஒரு வித்தையாகவே பயின்றார்கள். அந்த வித்தையோடு சில நம்பிக்கைகளும் வளர்ந்து, இன்றும் பட்டறைகளில் சாஸ்திரப் பிரமாணம்போல் உலவுகின்றன.

நம்பிக்கை: ஹெடர் கேஸ்கெட்டைச் சிலிண்டர் ஹெட்டின்மேல் வைத்து, அதன் உள்விளிம்பை ஊசியால் கீறி, அந்தக் கீறல் வரையில் எக்ஸாஸ்ட் துவாரத்தை அரைத்து விரித்தால் சக்தி கூடும்.

உண்மை: கேஸ்கெட் செய்பவர், ஒரே அச்சில் வெட்டிய பொருள் பலவகை ஹெட்டுகளுக்கும் பொருந்தவேண்டும் என்பதையும், அதன் விளிம்பு எந்த நிலையிலும் வாயுவின் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கலாகாது என்பதையும் கருதியே, திறப்பைத் துவாரத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டுகிறார், ஆகவே அந்தத் திறப்பு துவாரம் இருக்கவேண்டிய அளவைக் காட்டுவதே அல்ல. இந்தப் பழக்கம் இன்டேக் பக்கத்திலிருந்து வந்திருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அங்கே காற்று மானிபோல்டிலிருந்து ஹெட்டுக்குள் பாய்வதால், ஹெட்டின் வாய் சிறிதாயிருந்தால் அதன் விளிம்பு ஓட்டத்துக்கு எதிரே சுவராக நிற்கும். அதை அரைத்து நீக்குவதில் நியாயம் உண்டு. எக்ஸாஸ்ட் பக்கத்திலோ வாயு ஹெட்டிலிருந்து வெளியேறிக் குழாய்க்குள் செல்கிறது. சிறிய வாயிலிருந்து பெரிய குழாய்க்குப் போகும்போது எதிரே முட்டும் விளிம்பு எதுவும் இல்லை. மேலும், பிஸ்டனின் இயக்கத்தில் சில கணங்களில் அழுத்த அலை திரும்பி ஹெட்டை நோக்கி வருமாதலால், சிறிய வாய்க்கும் பெரிய குழாய்க்கும் இடையிலுள்ள படிபோன்ற விளிம்பு திரும்பிவரும் வாயுவைத் தடுக்கும் என்று அனுபவசாலிகள் பலர் கருதுகிறார்கள். எல்லா வேகங்களிலும் அது சமமாகப் பயன்படும் என்று நான் சொல்லமாட்டேன்.

உண்மையான நெருக்கடி இருப்பது வேறிடத்தில். இந்த வகை எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வின் தலை பெரும்பாலும் 1.5 அங்குலமே, அதன் இருக்கையின் கீழுள்ள குடைவும், வாயு சட்டென்று வளைந்து திரும்பும் உட்புறமுமே ஓட்டத்தை நிர்ணயிக்கின்றன. அவற்றைத் தொடாமல் கடைசி அரை அங்குலத்தை மட்டும் விரித்தால், வேகமாய் வந்த வாயு அங்கே தளர்ந்துவிடும்; குழாய் அந்த வாயைவிடச் சிறிதாயிருந்தால் மீண்டும் சுருங்கியாகவேண்டும். இழந்த வேகத்தை எந்தப் பாலீஷும் மீட்டுத்தராது. அவசரத்தில் அரைப்பவர் நீர்ப்பாதை வரையில் சென்றுவிட்டால், ஒரு நல்ல ஹெட்டே பாழாகிறது. அந்த நஷ்டம் உள்ளபடியே வருத்தத்துக்குரியது.

நம்பிக்கை: அப்படியானால் பொருத்தம் பார்க்கவே தேவையில்லை.

உண்மை: ஒரு திசையில் மட்டும் கண்டிப்பாகப் பார்க்கவேண்டும். கேஸ்கெட்டின் திறப்பு துவாரத்தைவிடச் சிறிதாயிருந்தாலும், போல்ட் துளைகளின் தளர்ச்சியால் ஒருபுறம் இறங்கியிருந்தாலும், உள்ளே நீண்ட விளிம்பு ஓட்டத்தைக் கெடுப்பதோடு, கடும் உஷ்ணத்தில் கருகித் தின்னப்பட்டுக் கசிவுக்கு வழி திறந்துவிடும். ஹெட்டின் முகத்தில் மெல்லிய மை பூசி, கேஸ்கெட்டை போல்ட்டுகளில் நிறுத்தி அழுத்தி எடுத்தால், பதிந்த அச்சு நான்கு துவாரங்களின் நிலைமையையும் கூறிவிடும். ஹெடரின் முகத்துக்கும் இதே சோதனையைச் செய்யவேண்டும். குழாயின் வாய் துவாரத்துக்குள் நீண்டிருந்தால், அரைக்கவேண்டியது ஹெடரையே அன்றி ஹெட்டை அன்று.

நம்பிக்கை: கசிந்தால் தடித்த கேஸ்கெட்டும் பசையும் போதும்.

உண்மை: கசிவுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெடரின் வளைந்த பிளேஞ்சே, நேர்கோலை வைத்துப் பார்த்து அதைச் சமப்படுத்தவேண்டும். ஆக்சிஜன் சென்ஸார் உள்ள பிற்காலத்துக் கார்களில், சிறு கசிவின் வழியே உள்ளே இழுக்கப்படும் வெளிக்காற்றைக் கண்டு, கலவையில் பெட்ரோல் குறைவென்று கம்ப்யூட்டர் எண்ணி வீணாக அதிகம் செலுத்தும். ஹெட் அலுமினியத்தாலும் பிளேஞ்ச் உருக்காலும் ஆனவையாயின், அலுமினியம் உருக்கைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரிவடைவதால், ஹெட்டும் பிளேஞ்சும் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே போல்ட்டுகளை நடுவிலிருந்து இருபுறமும் படிப்படியாக முடுக்கி, எஞ்சின் ஒருமுறை சூடேறி நன்றாகக் குளிர்ந்த பின் மீண்டும் சரிபார்ப்பது அவசியம்.