தலைவச்சுப் படுக்க மாட்டேன் என்றேன்

சீசன் தொடங்கி நாலு மேட்ச் முடிந்த கையோடு, உங்கள் டீம் தேறுமா என்று வீட்டில் யாராவது கேட்டால், வாயில் முறுக்கைப் போட்டு மென்றுகொண்டிருங்கள். திட்டலாம், புலம்பலாம், கோச்சை மாற்றச் சொல்லலாம். சபதம் மட்டும் வேண்டாம். அதுவும் மச்சினன் எதிரில் கூடவே கூடாது.

2019 அக்டோபர், கால்பந்து சீசன். சென்னையின் எஃப்சி முதல் ஆட்டத்தில் கோவாவுக்குப் போய் 3-0 என்று வாங்கிக்கொண்டு வந்தது. நாலு நாள் கழித்து, தீபாவளியன்றே, நேரு ஸ்டேடியத்தில் மும்பையோடு ஆட்டம். என் மகளுக்கு அப்போது பத்து வயது. அந்த வருஷம் அவளுக்குத் தீபாவளித் துணியே நீல ஜெர்சிதான். வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரியதாக வாங்கியிருந்தேன். தோள்பட்டை முழங்கையில் தொங்கியது. பெரம்பூரில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பெரியமேட்டு வெடிப்புகைக்குள் நடந்து போனோம். 0-0. புதன்கிழமை மறுபடி போனோம், கொல்கத்தா டீம் ஏடிகேவோடு. 0-1. பிறகு பெங்களூரில் 3-0. நாலு ஆட்டம், ஒரு புள்ளி, ஒரு கோல்கூட இல்லை.

அந்தப் பெங்களூர் ஆட்டத்தை எங்கள் வீட்டு டிவியில் பார்த்தோம். மச்சினன் பெங்களூரில் வேலை பார்க்கிறவன். லீவுக்கு வந்தவன் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, “மாமா, உங்க மெரினா மச்சான்ஸுக்கு கோல் போஸ்ட் எந்தப் பக்கம்னு யாராவது காட்டுங்க” என்றான். எனக்கு அங்கே புத்தி போயிற்று. “இந்த சீசன் முடியறவரைக்கும் நேரு ஸ்டேடியம் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்டா” என்றேன். மீறினால் பிரியாணி என்று பந்தயம். ஒரு தட்டு கிடையாது, அண்டா. கைகூடக் கொடுத்தேன்.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய வருஷம் இப்படித்தான் மோசமாக ஆரம்பித்தது. “பொறுங்க, சாம்பியன் டீம், எழுந்துடும்” என்று தெருமுழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். எழவில்லை. 18 ஆட்டத்தில் 9 புள்ளி, பட்டியலில் கடைசி. அந்தச் சூடு கண்ட பூனை நான். ஆனால் அதற்கும் முந்தைய வருஷத்தை வசதியாக மறந்துவிட்டேன். 2017 நவம்பரில் சொந்த மைதானத்தில் முதல் ஆட்டமே கோவாவிடம் 2-3, இடைவேளைக்குள்ளேயே மூன்று கோல் வாங்கியாகிவிட்டது. அதே டீம்தான் 2018 மார்ச்சில் பெங்களூருக்கே போய், அவர்களுடைய சேத்ரி முதல் கோலைப் போட்ட பிறகும், 3-2 என்று கோப்பையைத் தூக்கிவந்தது. மாயில்சன் ஆல்வெஸ் தலையாலேயே இரண்டு முட்டினார். தடுப்பாட்டக்காரர்! 2015-லும் பாதி சீசனில் பட்டியலின் அடியில் கிடந்துதான் கோப்பை வாங்கினார்கள். இவ்வளவும் தெரிந்தவன்தான் கை கொடுத்தேன்.

அந்த நாலு ஆட்டத்தில் எதிரே நின்றது யார் என்று பார்த்திருக்க வேண்டும். கோவாவும் பெங்களூரும் முந்தைய சீசனின் இறுதிப்போட்டியில் மோதிய இரண்டு அணிகள்; இரண்டையும் அவரவர் ஊரிலேயே சந்தித்தோம். ஏடிகே அந்த வருஷம் கோப்பையையே வாங்கியது. ஆக, நாலில் மூன்று மலை. இதை நான் கணக்குப் போட்டது மார்ச் மாதம். நீங்கள் அக்டோபரிலேயே போடுங்கள். ஐந்தாவது, ஆறாவது ஆட்டம் யாரோடு என்று பார்த்துவிட்டு வாயைத் திறங்கள்.

இன்னொன்று, புதிதாக வந்த வெளிநாட்டு ஆட்டக்காரர்களை நாலு ஆட்டத்தில் எடை போடாதீர்கள். லிதுவேனியாவிலிருந்து வந்த வால்ஸ்கிஸை நான் “மரம்” என்றேன். தெருமுனை டீக்கடையில், நாலு பேர் கேட்க. அந்த மரம் 15 கோல் அடித்து தங்கக் காலணி வாங்கியது. பிரேசில்காரர் கிரிவெல்லாரோ காலில் பந்து எப்போது எந்த இடத்தில் கிடைக்க வேண்டும் என்று டீமுக்குப் பிடிபடவே ஆறேழு ஆட்டம் ஆனது. பிடிபட்ட பிறகு கொச்சியில் கேரளாவை 6-3.

சபதத்துக்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்கிறேன், விரித்தால் எனக்கு வயிறு எரியும். அடுத்த ஆட்டம் ஹைதராபாத், நம் ஊரில், திங்கட்கிழமை ராத்திரி. தொண்ணூறு நிமிஷம் வரை கோலே இல்லை. இன்ஜுரி டைமில் மூன்று கோல்: நமக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று, கடைசியில் வால்ஸ்கிஸ். மகள் சோபாவில் குதித்ததில் ஸ்பிரிங் போயிற்று. “அப்பா, அடுத்த மேட்ச் போலாமா?” மூன்றே நாளில் ஒடிஷா வந்தது. போகவில்லை. 2-2. அதோடு கோச் ஜான் கிரிகரி விலகினார். கோச் போனால்தான் விடியும் என்று நான் முதல் ஆட்டத்திலிருந்தே சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன். மச்சினன் இதை மட்டும் எப்போதும் மறந்துவிடுகிறான். ஆனால் சரியாகச் சொன்னவன், அது பலித்ததைப் பார்க்க ஸ்டேடியத்தில் இருக்க வேண்டாமா?

புது கோச்சாக ஓவன் கோய்ல் வந்தார். முதல் ஆறு ஆட்டத்தில் 5 புள்ளி வைத்திருந்த டீம், மீதி பன்னிரண்டில் 24 எடுத்தது. நாலாவது இடம். அரையிறுதியில் மறுபடி அதே கோவா. முதல் ஆட்டம் 2020 பிப்ரவரி 29, சனிக்கிழமை, நேரு ஸ்டேடியத்தில்.

டிக்கெட் கிடைத்தது. அலுவலகத்தில் ஒருவர் இரண்டு டிக்கெட்டை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். மகள் மூன்று மணிக்கே ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வாசலில் செருப்போடு நின்றாள். போனில் மச்சினன்: “மாமா, அண்டா ரெடியா?” வெட்டி வீறாப்பு. “அடுத்த சீசன் முதல் மேட்ச்சுக்குக் கண்டிப்பா கூட்டிட்டுப் போறேன்” என்று அவளிடம் சொல்லி, டிக்கெட்டை எதிர்வீட்டுப் பையனுக்குக் கொடுத்தேன். இடைவேளைக்குப் பிறகு கோயன், தாபா, எலி சாபியா, சாங்டே. நாலு கோல். 4-1. எதிர்வீட்டுப் பையன் ராத்திரி பதினொரு மணிக்கு, கத்திக் கத்திக் கம்மிப்போன குரலில், “தேங்க்ஸ் அங்கிள்” என்று சொல்லிவிட்டுப் போனான். மகள் கதவைத் திறக்கக்கூட வரவில்லை.

கோவாவில் 4-2 தோற்றும், மொத்தக் கணக்கில் 6-5 என்று இறுதிக்குப் போனோம். மார்ச் 14 இறுதிப்போட்டி, கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில். ஏடிகேவிடம் 3-1 தோல்வி. அடுத்த சீசன், அதற்கடுத்த சீசன், நம் டீமின் எல்லா ஆட்டமும் கோவாவிலேயே, ரசிகர்களைத் தள்ளிவைத்து. நேரு ஸ்டேடியத்தில் மறுபடி நம் டீமின் லீக் ஆட்டம் நடந்தது 2022 அக்டோபர் 14-ம் தேதி. பெங்களூரோடு 1-1.

எனவே பெரம்பூரிலோ வியாசர்பாடியிலோ இருந்துகொண்டு, முப்பது நிமிஷத்தில் ஸ்டேடியம் போய்ச் சேரக்கூடிய நீங்கள், டீம் எப்படி ஆடினாலும் போய் உட்காருங்கள். முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள், பை கொண்டுபோகாதீர்கள், திரும்பும்போது கடைசி ரயிலைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் தெரிந்ததுதான். திட்டுவதாக இருந்தால் கேலரியில் உட்கார்ந்து திட்டுங்கள். அங்கே திட்டுகிறவனோடு எவனும் பந்தயம் கட்ட வரமாட்டான். பக்கத்தில் இருப்பவன் நம்மைவிட மோசமாகத் திட்டிக்கொண்டிருப்பான்.

2022-ல் வாக்குப்படி மகளைக் கூப்பிட்டேன். பரண்மேல் இருந்த ஜெர்சியை இறக்கிப் பார்த்தால், ஒரு சைஸ் பெரியதாக வாங்கியும் தலைகூட நுழையவில்லை. டியூஷன் இருக்கிறது, நீங்கள் போய்வாருங்கள் என்றாள். போனேன். அந்த ஜெர்சியை என் மனைவி அவள் தம்பி மகனுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். அந்தப் பொடியன் அதைப் போட்டுக்கொண்டுதான் பெங்களூர் எஃப்சி மேட்ச் பார்க்கிறானாம். மச்சினன் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறான், ஒவ்வொரு தடவையும்.